‘நாங்கள்’ என்று எழுதிய திட்டம்

அக்டோபரில் ஒருநாள், விடுதியில் என் பக்கத்து அறையில் இருக்கும் அன்கே கதவைத் தட்டி, அடுத்த ஏப்ரலில் ஒரு வாரம் தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். செடிகளைக் காட்டச் சொன்னேன். இன்னும் வாங்கவில்லை, மார்ச்சில்தான் வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் என் பெயரைக் குறித்துக்கொண்டு போனாள். ஜெர்மனிக்குப் படிக்க வந்து அப்போது எனக்கு ஓராண்டு முடிந்திருந்தது. குளிரும் ரொட்டியும் பழகிவிட்டன. இன்னும் வராத நாட்களை இவர்கள் இப்போதே எடுத்து மடித்து அடுக்கி வைப்பது மட்டும் பழகவில்லை.

மதுரைப் பக்கம் என் ஊரான சமயநல்லூரில் என் வாழ்க்கையின் பெரிய முடிவு எதையும் யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்ததாக நினைவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அண்ணன் முத்துப்பாண்டி படித்த கல்லூரியின் பஸ் எங்கள் தெருமுனைக்கே வந்தது. அவன் படித்த பாடம் என்றால் அவனே சொல்லிக்கொடுப்பான். காரணம் அவ்வளவுதான். வேலையும் அப்படித்தான் வந்தது. கப்பலூரில் வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் இருந்தான். சோதனைப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். விரல் தடிமனுள்ள அந்த ரப்பர் வளையங்களை அளந்து, சரியில்லாததை ஒதுக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அளவியலில் மேற்படிப்புக்கு இங்கே இடம் கிடைத்தபோதும் வீட்டில் ஒரே பேச்சுதான்: படித்துவிட்டு வா, அண்ணன் சொந்தமாகப் பட்டறை போடப்போகிறான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஜெர்மன் கற்றுக்கொண்டு, நானும் அதை நம்பியே விமானம் ஏறினேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டாயப் பாடம் இருந்தது. ஒவ்வொரு மாணவரும் தன் வளர்ச்சிக்கும் தொழிலுக்கும் ஒரு திட்டம் எழுத வேண்டும். ஐந்தாண்டுகளில் எங்கே இருப்பாய், என்ன கற்றிருப்பாய், அதற்கு இப்போது என்ன செய்கிறாய். நான் சிரமப்படவே இல்லை. பட்டறை, புது இயந்திரங்கள், அப்பாவின் முழங்கால் சிகிச்சை, அண்ணன் கல்யாணம் என்று சரளமாக எழுதிக் கொடுத்தேன். ஆலோசகர் கெஸ்லர் அம்மையாரை ஃப்ராவ் கெஸ்லர் என்றுதான் அழைப்போம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“இதில் வரும் ‘நாங்கள்’ யார்? இது குழுவாகச் செய்யும் வேலை அல்லவே.”

“நாங்கள் என்றால்… நாங்கள்தான்.”

“உன் குழுவில் எத்தனை பேர்?”

“நான்கு பேர்” என்றேன்.

“எல்லோரும் நம் துறையிலா படிக்கிறார்கள்?”

“இல்லை. அவர்கள் சமயநல்லூரில் இருக்கிறார்கள்.”

அவர் சிரிக்கவில்லை. எல்லா வாக்கியங்களையும் ‘நான்’ என்று தொடங்கித் திரும்ப எழுதிவரச் சொன்னார். என்னை நன்றாக அறிந்தவர்களிடம் என் திறமை என்னவென்று கேட்டுவரவும் சொன்னார். தமிழில் ‘நான்’ இல்லாமலே பக்கம் பக்கமாக எழுதிவிடலாம், வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். ஜெர்மனில் அந்த வசதி கிடையாது. வாக்கியத்துக்கு வாக்கியம் நாமே வந்து நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு எதும்மா நல்லா வரும்?”

“என்ன பாப்பா திடீர்னு? பரீட்சைல ஃபெயிலாயிட்டியா?”

“இல்லம்மா. பாடத்துக்காகக் கேட்டுட்டு வரச் சொல்லிருக்காங்க.”

“பாடத்துக்கு உன்னையப் பத்தி எதுக்கு விசாரிக்கிறாங்க? இந்தா, அண்ணன்கிட்ட பேசு.”

அண்ணன் யோசிக்கவே இல்லை. “குத்தம் கண்டுபிடிக்கிறதுல உன்னைய அடிச்சுக்க ஆளில்ல. ஒரு லோடு சரக்க வேணாம்னு நிப்பாட்டுனயே, மேனேஜர் எம்புட்டுக் கத்துனாரு! நீ அசையலையே.” பிறகு, “இரு, நேத்து எடுத்த வீடியோ அனுப்புறேன், பாரு” என்றான். கப்பலூரில் வாடகைக்குப் பிடித்த புதுப் பட்டறை. அதன் மூலையில் கண்ணாடி வைத்த ஓர் அறை. வீடியோவில் அவன் குரல்: “இதான் பாப்பா உன் ரூமு. ஏசி மாட்டியாச்சு. நீ வந்து உக்கார வேண்டியதுதான்.”

அதைப் பார்த்த பிறகுதான் திட்டத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். நான் அளக்கிறேன். நான் பிழைகளைக் கண்டுபிடிக்கிறேன். இதெல்லாம் எளிதாக வந்தது. என் பேராசிரியர், படிப்பு முடிந்ததும் தன் ஆய்வகத்திலேயே ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிக் கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தேன். நான் இங்கே ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன் என்று எழுதினேன். ஜெர்மனில் அது இலக்கணப் பிழையில்லாத ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. நான் வரவில்லை.

ஃப்ராவ் கெஸ்லருக்குத் திருப்தி. “இப்போது தெளிவாக இருக்கிறது. உன் வீட்டில் மகிழ்வார்கள், இல்லையா?” ஆமாம் என்றேன்.

அண்ணன் டீக்கடையில் நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வீட்டில் இருந்தால் அம்மா காதில் விழும்.

“அண்ணே, படிப்பு முடிஞ்சு நான் உடனே வரலண்ணே. இங்க ஆராய்ச்சிக்குக் கேட்டுருக்காங்க. எனக்கும் இருக்கணும்னு இருக்கு.”

அவன் டீ கிளாஸைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“எம்புட்டு வருஷம்?”

“மூணு நாலு ஆகும். அதுக்கப்புறம் தெரியல.”

“தெரியலன்னா வரமாட்டேன்னு அர்த்தமா?”

“தெரியலன்னுதாண்ணே அர்த்தம்.”

“சரி. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா அழுதுருவ” என்றான். அழுகை அவன் குரலில்தான் இருந்தது. எனக்கு வரவில்லை. அதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். உங்களில் சிலருக்கும் அப்படி நேர்ந்திருக்கலாம்.

பொங்கல் வரை அவன் கூப்பிடவில்லை. பொங்கலன்று கூப்பிட்டு, எதுவுமே நடக்காதது போலப் பேசினான். “கவிதான்னு ஒரு பொண்ணச் சேத்துருக்கேன், திருமங்கலம். அளக்குற மெஷின்ல என்னமோ டவுட்டாம். சொல்லிக் குடு.” அதிலிருந்து அவளுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் வீடியோவில் பேசினோம். ஏப்ரலில் அன்கேயின் செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றினேன்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. தட்டில் சோறு மட்டும் அதிகமாக விழுந்தது. மறுநாள் அண்ணனோடு பட்டறைக்குப் போனேன். கண்ணாடி அறையில் கவிதாவின் மேசை, அவள் சாப்பாட்டுப் பை, அவள் ஒட்டிய முருகன் படம். என்னைக் கண்டதும் எழுந்து, “இங்க உக்காருங்கக்கா” என்று தன் நாற்காலியை இழுத்தாள். வேண்டாம் என்று, வருகிறவர்களுக்காகக் கதவோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கை தானாகத் தட்டிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது.

அந்த நேரம் கோயம்புத்தூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர் ஒருவர் அண்ணனோடு உள்ளே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைக் கவனித்து, “மேடம் இங்கதான் வேலை பாக்கறாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே” என்றான் அண்ணன். அதே நொடியில் கவிதா, “இல்ல சார்” என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து, “வாங்க, உக்காருங்க” என்று என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். கவிதாவுடையதைத் தவிர அந்த அறையில் வேறு நாற்காலி இல்லை.