ஆளில்லாத நிறுத்தம்

எங்கள் ஊருக்குக் காலைப் பேருந்து தேவையா என்று பார்க்க அதிகாரிகள் வருவதாகத் தெரிந்ததும், ஊராட்சிக்காரர்கள் செய்த முதல் வேலை நிறுத்தத்தில் நின்றவர்களை விரட்டியதுதான்.

மாதனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நானும் சித்தி மகளும் காட்பாடியில் படித்தோம். எங்கள் குடும்பத்தில் எங்களுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. ஷேர் ஆட்டோ நிரம்பி வழிந்தால்தான் கிளம்பும். மாதனூர் போனால் வேலூர் பேருந்துகள் பாதி நிற்காமல் மேம்பாலத்தின் மேலேயே பறந்துவிடும். தினமும் முதல் வகுப்பு தவறிக்கொண்டிருந்தது. தங்கைக்கு வருகை குறைந்து, தேர்வெழுத விடமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பொறுமை இழந்தார்.

"பஸ்ஸு வந்தா படி. இல்லன்னா ஷூ கம்பெனி பஸ்ஸு தெருவுக்கே வருது, ஏறிக்க."

அதனால்தான் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து மனு கொடுத்தோம்.

அதிகாரிகள் வந்த காலையில் நிறுத்தத்தைப் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவி, நாற்காலி போட்டார்கள். "ஆபீசருங்க வர்ற நேரத்துல இன்னா கும்பலு? எல்லாம் அந்தாண்ட போங்க!" என்று கூட்டத்தையும் ஆட்டோக்களையும் ஏரிக்கரைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் அறிந்த மரியாதை அவ்வளவுதான்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். இளநீர் குடித்தார். சுற்றிப் பார்த்தார்.

"ஆளே இல்லையேய்யா, யாருக்கு பஸ்ஸு?"

"நீங்க வர்றீங்கன்னு கிளியர் பண்ணிட்டோம் சார்" என்றார் ஊராட்சித் தலைவர், பெருமையாக.

நான் கரையிலிருந்து திரும்பி வந்தேன். "சார், எல்லாரும் ஏரிக்கரைல நிக்கிறாங்க. வந்து பாருங்க."

"கம்பெனி பஸ்ஸு வருதேம்மா, அதுல போக வேண்டியதுதானே?"

"அது கம்பெனிக்குப் போகும் சார். காலேஜுக்குப் போகாது."

"படிச்ச திமிரப் பாரு" என்றார் தலைவர். திமிர்தான். அதைக்கூட நானேதான் சம்பாதித்தேன். அதிகாரி சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏரிக்கரை கூப்பிடு தூரம்தான். அதுவரை நடக்க முடியாதவர் ஒரு மாவட்டத்துக்கே பேருந்து திட்டமிடுகிறார்.

பிறகு பேருந்து வந்தது, பதினோரு மணிக்கு. டிப்போவில் அந்த நேரத்தில்தான் ஒரு வண்டி சும்மா நிற்கிறதாம். காலைக்கு இன்னொன்று விட நிதி இல்லையாம். பேனருக்கும் பூமாலைக்கும் மட்டும் இருந்தது. கொடியசைத்து, கைதட்டி, முன் இருக்கையில் ஏறிய பிரமுகர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பின்னாலேயே வந்த மோட்டார் சைக்கிள்களில் வீடு திரும்பினார்கள்.

ஷூ கம்பெனிக்கு எங்கள் தெருவில் எத்தனை பெண்கள், யார் எந்த முனையில் நிற்பாள் என்று தெரியும். ஒருத்தி தாமதமானாலும் அதற்கு நஷ்டம். அரசாங்கத்துக்கு எங்களால் என்ன நஷ்டம்? காலியான நிறுத்தத்தை எண்ணிவிட்டுப் போகிறது. அந்தக் கணக்கை வைத்து நிதியும் ஒதுக்குகிறது.

நான் விடியும் முன்பே கிளம்பி, ஆட்டோவின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கினேன். அதில் எந்தப் பேருந்துக்கும் பங்கில்லை. தங்கையை அப்படித் தொங்கிக்கொண்டு போகச் சித்தப்பா விடவில்லை.

பதினோரு மணிப் பேருந்துக்குக் கொடியசைத்த அடுத்த திங்கட்கிழமையே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கரெக்ட் டைமுக்கு வந்துடுச்சு பாருக்கா" என்றாள்.