பதினாலாம் நம்பர் மாடி

விருதுக் கடிதம் வந்த அன்று நகராட்சி அலுவலகமே அமர்க்களப்பட்டது. கட்டடப் பொறியாளர் சங்கம் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் அதைக் கொடுக்கும். பழைய கடைவீதியைச் சீரமைத்தது, அதன் வீடுகளை இடிக்காமல் காப்பாற்றியது, அந்த வேலையை நாற்பது ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று மூன்று காரணங்களைச் சொல்லி இந்த வருடம் அது நகராட்சிப் பொறியாளர் ஓதக்காவுக்கு வந்திருந்தது.

ஓதக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரத்தைப் பற்றி அவள் பேசாத நாள் கிடையாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "ஓதம் ஏறியிருக்கு" என்பதுதான் முதல் வார்த்தை. முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்த பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது.

பயிற்சி நடந்தது நகராட்சிக் கிடங்கின் பின்பக்கக் கொட்டகையில். கொத்தனார்களும் குழாய் வேலைக்காரர்களும் வேண்டாவெறுப்பாகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். "இருபது வருஷமா பூச்சு வேலை செய்யறவனுக்குப் பூசச் சொல்லித் தரப் போறாங்களாம்" என்று தலைமைக் கொத்தனார் முணுமுணுத்தார். அவள் பழைய செங்கல்லில் இரண்டு குட்டிச் சுவர் கட்டச் சொன்னாள். ஒன்றுக்குச் சிமெண்ட் பூச்சு, இன்னொன்றுக்குச் சுண்ணாம்பு. இரண்டின் அடியையும் தண்ணீரில் நிறுத்தி வைத்தாள். இரண்டு மாதம் கழித்துச் சிமெண்டைப் பெயர்த்தபோது உள்ளே செங்கல் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவரின் செங்கல் கெட்டியாகவே இருந்தது.

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வெயில்ல ஓடினா எப்படிப் புழுங்கும்? அப்படித்தான் இதுக்கும்" என்றாள்.

"அப்ப இத்தனை வருஷமா ஊர்ச் சுவரையெல்லாம் நாங்க அவிச்சு வச்சிருக்கோம்" என்றார் கொத்தனார். கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து ஒரு வகுப்புக்குக்கூட அவர் தாமதமாக வந்ததில்லை.

கடிதத்தோடு அழைப்பிதழின் மாதிரியும் வந்திருந்தது. அதில் வீதியின் படம். படத்தின் நட்டநடுவில் பதினாலாம் நம்பர் வீட்டின் மாடி ஜன்னல். எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போனபிறகு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியில் ஒரு தையற்காரி இருந்தாள். ஜன்னலோரம் ஒரு மிஷின், பின்னால் ஒரு கட்டில், அவ்வளவுதான் குடித்தனம். வீடு வீடாக அளவெடுத்த காலத்தில் ஓதக்கா முதல்முறை படியேறிப் போனபோது அவள் தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"எஞ்சினியரம்மா, அளவெடுக்கிறது என் தொழில். டேப்பை அப்படித் தொங்க விட்டா ரெண்டு விரக்கடை கூடிடும்."

திரும்ப இழுத்துப் பிடித்துப் பார்த்தால், நிஜமாகவே கூடித்தான் இருந்தது.

அதன்பிறகு நாலு மணி ஆனால் கால்கள் தாமாகவே அந்தப் படியில் ஏறின. டீ வரும், பேச்சு வரும். ஓதக்காவுக்கு வீட்டில் கணவர் உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தக் காரியத்துக்காகவும் இல்லாமல், சும்மா பேசுவதற்கென்று ஓர் இடம் அதுவரை இருந்ததில்லை. 'எஞ்சினியரம்மா' மெல்ல 'வாம்மா' ஆயிற்று, பிறகு 'வாடி' ஆயிற்று. அம்மா போன பிறகு அவளை அப்படிக் கூப்பிட ஆளே இல்லை.

வேலை தொடங்கும்போது பதினோரு குடும்பங்களை ஊர் ஓரத்து அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். "எட்டு மாசம்தான்க்கா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்று ஓதக்காதான் சொன்னாள். கூரையைப் பிரித்துப் பார்த்தால் உத்திரங்களில் பாதி செல்லரித்திருந்தன. எட்டு மாதம் இரண்டரை வருடமாயிற்று. வீதி அழகானதும் வாடகையும் அழகானது. ஒன்பது குடும்பங்கள் எப்படியோ சமாளித்துத் திரும்பின. இரண்டு திரும்பவில்லை. தையற்காரியின் மாடியில் இப்போது பயண டிக்கெட் விற்கும் அலுவலகம்.

தையற்காரியை விழாவுக்கு அழைக்க ஓதக்கா அந்த அடுக்குமாடிக்கு நேரில் போனாள். நாலாவது மாடி. கதவைத் திறந்தவள் சொன்னாள்:

"வாங்க, எஞ்சினியரம்மா."

அந்த 'வாங்க' நெஞ்சில் தைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆறடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர் நின்றது. பட்டப்பகலில் மிஷினுக்கு மேல் பல்பு எரிந்தது.

"விழாவுக்கு நீ வரணும்க்கா. அப்படியே வீதியையும் பார்த்துட்டு வரலாம். உன் ஜன்னல்ல ஒரு கம்பிகூட மாத்தலை."

"அதுக்குத்தான் வரலை. நீங்க கெடுத்து வச்சிருந்தா, தொலையுதுன்னு விட்டிருப்பேன். நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. அதைப் பார்த்துட்டு வந்து இந்தச் சுவர் முன்னால நான் எப்படி உட்கார்றது?"

"தப்பு என்னுதுக்கா. சுவரைப் பத்தி எண்பது பக்கம் எழுதினேன். நீ திரும்பி வரணும்னு வீட்டுக்காரர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கலை."

"ஆமா, வாங்கலை."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டி வாங்கலை?"

"நீ வராம போவேன்னு எனக்குத் தோணவே இல்லைக்கா."

இருவரும் அழுதார்கள். பிறகு டீ போட்டுக் குடித்தார்கள். ஆனாலும் விழாவுக்கு அவள் வரவில்லை.

மேடையில் மூன்று காரணங்களையும் வாசித்தார்கள். ஓதக்கா நாற்பது பேரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். தலைமைக் கொத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார். கைதட்டல் அடங்கியதும் அவள், "பதினோரு வீட்டையும் காப்பாத்தினோம். ரெண்டு குடும்பத்தை விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை.

அடுத்த வீதிக்கான பயிற்சியில் முதல் பாடத்தை மாற்றினாள். எந்த ஊழியரும் சுவரைத் தொடுவதற்கு முன், அந்த வீட்டில் ஒரு முழு நாள் உட்கார்ந்து, அங்கே யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுதிவர வேண்டும். பழைய வாடகைக்கே திரும்பலாம் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் ஒரு பாத்திரம்கூட வெளியே போகக் கூடாது.

"வேலை இழுக்குமே" என்றார் ஆணையர்.

"இழுக்கட்டும் சார்."

முதல் கையெழுத்துக்கே ஐந்து மாதம் பிடித்தது. ஆனால் அந்த வீதியில் பத்தொன்பது குடும்பங்களும் திரும்பி வந்தன.

தையற்காரி விழாவுக்கு அடுத்த வருடமே வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். ஆரம்பத்தில் வாராவாரம் போனில் பேசினார்கள், பிறகு மாதம் ஒருமுறை. தையற்காரிக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று இப்போது மகள்தான் எடுக்கிறாள்: "அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஓதக்கா ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அந்த ஊருக்குப் போகும் பஸ்களின் நேரத்தை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். காலை ஆறேகாலுக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. கோப்புகளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கண் அங்கே போய்விட்டுத்தான் வருகிறது.