செவலை கேட்ட பேச்சு

மணியோசை கேட்டதும் எச்சில் ஊறும் நாயைப் பற்றி உளவியல் முதல் செமஸ்டரில் பாடம் நடத்தினார்கள். சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கிவிட்டால், பிறகு மணியை மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறுமாம். விழுப்புரத்தில் என் வகுப்பில் எல்லோரும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, நான் எழுந்து நின்று, "மேடம், எங்க ஊட்ல இப்பிடி ஒரு மாடே இருந்துச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான். திறந்த பக்கத்தில் எங்கள் வீட்டு மாடு நின்றால் எழுந்திருக்காமல் என்ன செய்வது?

அப்போது நான் நான்காம் வகுப்பு. கண்டாச்சிபுரம் பக்கத்தில் எங்களுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் கொஞ்சம் நிலமும் ஒரு செவலைப் பசுவும் இருந்தன. கன்று பிறந்த சில நாட்களிலேயே செத்துவிட்டது. கன்று முட்டாமல் இந்த மாடு பால் இறக்காது என்று ஊரே சொன்னது. அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. தவிடு வைத்துவிட்டு உட்கார்ந்து, மாட்டிடம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே காம்பை நீவுவாள். கொஞ்ச நேரத்தில் பால் இறங்கும். அன்றிலிருந்து அம்மாவைத் தவிர வேறு யாரும் செவலையின் மடியில் கை வைத்ததில்லை.

அந்த வருடம் திண்டிவனத்தில் இருந்த சித்திக்கு, அம்மாவின் தங்கைக்கு, பிரசவம். கூட இருக்க வேறு ஆள் இல்லாததால் அம்மா போயே ஆகவேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பிறந்த வீட்டு ஆட்களோடு சேர்ந்தாற்போல் சில நாள் தங்கியதில்லை. அடுத்த தெருவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "மாட்ட யாரு கறக்கறதாம்?" என்று கேட்டாள். "நான் கறக்குறேன்க்கா" என்றார் அப்பா. அவர் வாய் மூடுவதற்குள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மாலை அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தவிடு வைத்தார், நீவினார், தட்டிக்கொடுத்தார். பாத்திரத்தில் சொட்டு விழவில்லை. மறுநாள் காலையிலும் அப்படித்தான். மடி கல்லாக இறுகி, தொட்டாலே காலைத் தூக்கியது செவலை. ஊசி போட்டால் இந்த வேளைக்கு இறங்கும், ஆனால் அதற்கே பழகிவிடும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்கு அவ பொடவ வாசன வோணும்" என்று அத்தை கண்டுபிடித்தாள். அம்மாவின் பழைய சேலையை அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்குக் கட்டிவிட்டார்கள். முறுக்கிய மீசையோடு முக்காடு போட்டுக்கொண்டு அவர் மாட்டுக் கொட்டகைக்கு நடந்து வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. "எனக்குப் பொண்ணு பாருங்கன்னா, என்னையே பொண்ணாக்கிட்டீங்களே" என்று முனகினார். செவலை சேலையை முகர்ந்தது. நிமிர்ந்து மீசையைப் பார்த்தது. பாத்திரம் வைக்கோல் போர் வரை பறந்தது.

அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மடி பழுத்து காம்பு செத்துச்சுன்னா அடிமாட்டுக்குத்தான் தம்பி. சாயங்காலம் கறக்கலன்னா அவள ஜல்தியா பொறப்பட்டு வரச் சொல்லு. தங்கச்சியாவது, பிரசவமாவது."

சித்திக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. போகும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் மாட்டையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாலையில் கடைசி முயற்சியாக அப்பா போன் போட்டார். சித்தப்பா ஸ்பீக்கரைப் போட்டுச் செவலையின் காதில் வைத்தார். திண்டிவனத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "கண்ணு, நல்லா பால் குடு கண்ணு. அவுங்கள பேஜார் பண்ணாத." செவலை காதை மட்டும் ஆட்டியது. அப்பா காம்பைத் தொட்டார். ஒன்றுமில்லை. சித்தப்பா போனை அணைத்தார்.

அம்மா மாட்டிடம் இப்படிப் பேசவே மாட்டாளே. நான் தினமும் கொட்டகைப் பக்கம் நின்றுதான் பல் விளக்குவேன். அவள் பேசுவது வேறு. சேலையும் இல்லை, குரலும் இல்லை, அந்தப் பேச்சுதான். எனக்கு அது வாய்ப்பாடு போல முழுக்க மனப்பாடம்.

"ப்பா, நீ கறப்பா. நான் சொல்றேன்" என்று செவலையின் கழுத்தருகே போய் நின்றேன். அம்மா மாதிரியே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். துன்னியா, தூங்குனியான்னு கேக்க ஒரு நாதியில்ல இந்த ஊட்ல. காச்சல் வந்து கெடந்தேன், அப்பக்கூட நாத்தனாருக்குக் கேப்பக்களி கிண்டித்தான் வெச்சேன். உப்பு இல்லன்னு சொன்னா பாரு, உப்பு."

செவலை அசைபோடுவதை நிறுத்தியது. பாத்திரத்தில் சுர்ரென்று ஒரு சத்தம். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சத்தமாகத் தொடர்ந்தேன்.

"அவரு நல்லவருதான். அக்கா வாயத் தொறந்தா இவரு காத மூடிக்கினு போயிடுவாரு, அதான். எம் பொண்ண அவ புள்ளைக்குக் கட்டிக் குடுக்கணுமாம். குடுக்க மாட்டேன். அவ படிக்கட்டும். நான் பஸ் போர்டு படிக்கத் தெரியாம தெகச்சிக்கினு நின்னேனே, அவ அப்பிடி நிக்கக் கூடாது. இத யாராண்ட போய்ச் சொல்றது? ஒன்னாண்டதான் சொல்றேன்."

இந்த இடத்தில் அம்மா மூக்கை உறிஞ்சுவாள். அதையும் விடாமல் உறிஞ்சினேன்.

பால் காம்புக்குக் காம்பு மாறி மாறிப் பீய்ச்சியது. நுரை விளிம்புக்கு ஏறியது. சித்தப்பா திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடினார். அத்தை கையில் தவிட்டுச் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"யாருடி ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"அம்மா தெனைக்கும் சொல்லும் அத்த" என்றேன் பெருமையாக.

"தம்பி, கேட்டியா இத?"

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "செத்த நேரம் பேசாத இரு அக்கா. பால் வருது."

அம்மா பாதியில் திரும்பி வரவேண்டியிருக்கவில்லை. சித்திக்குப் பெண் பிறந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவள் திண்டிவனத்திலேயே இருந்தாள். இங்கே காலையும் மாலையும் என் பேச்சில்தான் செவலை கறந்தது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மாட்டைப் பேசியே கறக்கவைக்கும் பெண் என்று பள்ளியில் என் பெயர் பரவியது. அத்தை மட்டும் கறக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் வருவதில்லை. அவளுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வருவதற்கு முந்தைய நாள் காலை. பால் முழுக்கக் கறந்தாகிவிட்டது. மடி தளர்ந்து, செவலை வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது. அப்பா பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொருவாட்டி சொல்லு பாப்பா."

"பாலுதான் வந்துட்ச்சேப்பா."

"பரவால்ல. மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எத்தனையோ வேளை கேட்டும் இந்த அப்பாவுக்கு இது மனதில் ஏறவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு மனப்பாடம் செய்வது கஷ்டம்தான். அதனால் டீச்சர் எங்களுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.