ஸ்டாப்பு எழுதாத பத்து பேரு

ப்ரோக்ராம் எழுதுற பொழப்புல, எழுதினதவிட எழுதாம வுட்டதுதான் ஆளக் கவுக்கும். நீங்களும் இந்த பேஜாருல மாட்டினவங்கதானே, கேளுங்க.

ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல மறைமலைநகர்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனி. கம்பெனி பஸ்ஸுக்கு ஆளுங்க லிஸ்ட் போடுற ஜாவா ப்ரோக்ராம் என் தலைல. மூணு மாசம் டெம்பரவரி. சொதப்புனா வூட்டுக்கு.

செய்யூர் அண்ணன்

ஒவ்வொருத்தர் ஸ்டாப்பையும் கூப்ட்டு, "நீ கேளம்பாக்கம் ஸ்டாப்பா?"ன்னு கேக்குற மாரி எழுதினேன். லிஸ்ட்டு பாதில நின்னுடுச்சு. பாத்தா, லேத்துல வேல செய்யுற ஏழுமலை அண்ணன், பஸ் பாரத்துல ஸ்டாப்பு எழுதுற கட்டத்த காலியா வுட்டுகீறாரு. காலிக்கு மிஷினு பாஷைல 'நல்'னு பேரு. ஆளே இல்லாத எடத்துல "நீ யாரு?"ன்னா யாரு பதில் சொல்லுவா? ப்ரோக்ராம் படுத்துக்கிச்சு. அவருக்கு அப்பால கீற அத்தினி பேருக்கும் பஸ்ஸு இல்ல!

கேள்விய திருப்பிப் போட்டேன். கேளம்பாக்கத்த முன்னால நிறுத்தி, "நான் அவரு ஸ்டாப்பா?"ன்னு அதையே கேக்க வெச்சேன். எதிர்ல ஆளு இல்லாட்டி "இல்ல"ன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்பறம் போய் ஏழுமலை அண்ணனாண்ட அழுதேன். அவரு சொன்னாரு, "நான் செய்யூர்லேந்து வண்டில வர்றவன் மச்சான், பஸ்ஸுல ஏறாதவன் ஸ்டாப்ப எதுக்கு எழுதணும்?"

வேன்

அடுத்து, பஸ்ஸு போவாத ஸ்டாப்புக்கு வேனு. ஒரே ஸ்டாப்பு ஆளுங்கள ஒப்பிட்டுப் பாத்து ஒரு வேன்ல சேக்கணும். இங்க ரெண்டு பக்கமும் காலியா இருக்கலாம். திரும்ப படுத்துக்குமோன்னு பயந்துகினு, ரெண்டும் காலின்னா 'ஒரே ஸ்டாப்பு'ன்னு எழுதிட்டேன். ஜம்முனு ஓடிச்சு. மறுநா காலைல வேன் டிரைவர் பாபு, லிஸ்ட்ட ஆட்டிகினு வந்தாரு. "அண்ணாத்த, பத்து பேரும் ஒரே எடத்துல நிப்பாங்கன்னு போட்டுகீற, அந்த எடம் எங்க கீதுன்னு போடலியே!"

மேனேஜர் ரூமு

பத்துல ஏழு பேரு சொந்த வண்டி. மீதி மூணு பேரு எழுத மறந்தவங்க. அவங்க ரோட்டுல நின்னுகினு கீறாங்க, இங்க அவங்க மெஷினு மூணும் சும்மா நிக்குது. மேனேஜர் கூப்ட்டாரு. மேசைல, வேலைக்கு சேர நான் எழுதிக் குடுத்த பாரம். அதுல படிப்பு கட்டம் காலி. வெக்கத்துல நான்தான் வுட்டேன்.

பாரத்தப் பாத்துகினே சொன்னேன். "பத்தாவது பெயிலு சார்... காலியும் காலியும் ஒண்ணு இல்ல சார், இனிமே ஆளையே கேட்டுட்டுதான் லிஸ்ட்ல ஏத்துவேன்." அவரு பேனாவ எடுத்து பாரத்துல என்னமோ எழுதினாரு. மனுஷன் மூக்காலதான் பேசுவாரு, அப்டியே படிங்க: "உன் கட்டத்த நான் ரொப்பிட்டேன், நீ போயி அந்த மூணு பேரு கட்டத்த ரொப்புய்யா!"

வேல நெலச்சிச்சு, ஆனா அந்தக் கட்டத்துல அவரு இன்னா எழுதினாருன்னு கேக்குற தைரியம் மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் காலியாதான் கீது.