டிஃபரென்ஷியலுக்குத் தனி பாட்டில்

மலேசியாவின் கிள்ளானில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் இன்று நான் சொல்லாதது: "கார் என்னுடையது அண்ணே, கியர் போடுவதும் நான்தான்."

சொல்லியிருந்தால் லைசென்ஸைக் கேட்டிருப்பார்.

என் மேனுவல் காரில் மூன்றாவது கியர் கரகரக்கிறது. தப்பான ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும். அதனால் காரோடு வந்த கையேட்டைப் படித்துவிட்டுப் போய், ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்டேன்.

அவர் ஜிஎல்-5 எடுத்து வைத்தார். "நம்பர் பெருசுன்னா நல்லதுலா."

"என் கியர்பாக்ஸுக்கு அது ஆகாது அண்ணே."

"யாரு சொன்னா?"

"கார் செஞ்சவங்க."

இன்னொரு பாட்டில் வந்தது. "சரி, டிஃபரென்ஷியலுக்கு இதையும் எடுத்துக்கம்மா."

"முன்சக்கரம் இழுக்கிற கார் அண்ணே. டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஆயில்தான்."

பக்கத்தில் நின்ற அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "வெளியில நிக்கிற உன் கார் மாடல்தாம்மா நானும் வச்சிருக்கேன். கடைக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்பாவுக்கு ஒரு போன் போடு. நான் பேசுறேன்."

போட்டேன். ஸ்பீக்கரில் அப்பா சொன்னார்: "பாஸ், நான் ஓட்டுறது ஆட்டோமேட்டிக். எனக்கு என்ன தெரியும்? அவகிட்டயே கேளுங்க."

உடனே ஜிஎல்-4 கிடைத்தது. நான் எவ்வளவு சொல்லியும் வராதது, எதுவும் தெரியாது என்று ஓர் ஆண் சொன்னதும் வந்துவிட்டது.

அப்பாவின் நம்பர் இல்லாதவர்களுக்கு உங்கள் ஊர்க் கடையில் ஆயில் விற்கிறார்களா? சொல்லுங்கள்.

நான் கிளம்பும்போது அந்த டிஃபரென்ஷியல் பாட்டிலை அங்கிள் வாங்கிக்கொண்டார்.