பிள்ளைகளுக்குப் போரைச் சொன்ன நாள்

தொண்ணூற்றாறாம் ஆண்டின் தொடக்கம், நல்ல குளிர். லண்டன் கிங்ஸ்பரியில் குடியிருந்தோம். ராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணத்துச் சனம் மொத்தமாக இடம்பெயர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அப்படிப் போகிற வழியில் என் அண்ணை ஷெல் குண்டு பட்டு இறந்துபோனார்.

செய்தி வந்த வாரம், ஒன்பது வயதான என் மகள் வகுப்பில் தன் உற்ற தோழியைப் பார்த்து, உன் ஆட்கள்தான் என் மாமாவைக் கொன்றார்கள் என்று கத்திவிட்டாள். அந்தத் தோழி சிங்களப் பிள்ளை. ஆசிரியை என்னையும் அந்தப் பிள்ளையின் தகப்பனையும் கூப்பிட்டார். உங்கள் நாட்டில் ஏன் சண்டை என்று இருவரும் வகுப்புக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டார்.

என் கணவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"அந்தாளோட ஒண்டா நிண்டு என்னத்தைக் கதைக்கப் போறீர்?"

"எங்களுக்கு நடந்ததைச் சொல்லிப்போட்டு வாறன். அந்தாள் மறுக்கட்டும் பாப்பம்."

உண்மையில் சண்டைக்குத்தான் போனேன்.

பிள்ளைகளுக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு மொழி பேசும் நாட்டில் ஒன்றை மட்டும் அரச மொழியாக்கியது, பல்கலைக்கழகம் போக எங்கள் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது, அமைதியாகக் கேட்டவர்கள் அடிபட்டது, எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்தது, அதற்குப் பிறகு எங்கள் இளம் பெடியள் கூட்டங்கூட்டமாக ஆயுதம் தூக்கியது.

பிறகு அவர் எழுந்தார். மெலிந்த மனிதர். அவர் எதைச் சொன்னாலும் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"இவர் சொன்னது உண்மை" என்றார். "எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. கும்பல் அந்த வீட்டை எரித்தபோது நான் என் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். "ஏன் அணைக்கவில்லை?"

"பயம். அடுத்தது என் வீடாகிவிடும் என்று பயம்."

பிறகு தன் தம்பி ராணுவத்தில் சேர்ந்து வடக்கில் செத்ததையும் சொன்னார். சவப்பெட்டியைத் திறந்து பார்க்கத் தாயை விடவில்லையாம். அவருடைய மகளுக்கே அது புதிது போலிருந்தது. அந்தப் பிள்ளை தகப்பனையே பார்த்தபடி இருந்தாள்.

வெளியே வந்ததும், என் அண்ணைக்காகத் தான் வருந்துவதாகச் சொன்னார். நானும் அதையே சொல்லியிருக்கலாம். ஆனால், அவர் தம்பி துப்பாக்கியோடல்லவா எங்கள் ஊருக்குப் போனான் என்ற நினைப்பு விடவில்லை.

"உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பிள்ளைகள் இருவரும் மறுபடி பேசிக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன.

போர் ஏன் வந்தது என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் நிறைய உண்டு; ஆனால் தன் மகள் கேட்டுக்கொண்டிருக்க, 'நான் பார்த்துக்கொண்டு நின்றேன்' என்று சொன்ன ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன், அவரைச் சொல்லாமல் அந்தப் போரின் கதையை என்னால் இன்றும் சொல்லி முடிக்க ஏலாது.