ஞானம் அண்ணனின் நாலு கம்பி பாஞ்சோ

கம்பம் சந்தையில் வாழைத்தார் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் அந்தோணி. “சவரியண்ணே, ஞானம் அண்ணன் போயிட்டாக” என்றான். ஏலம் நடக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றபின் இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஞானப்பிரகாசம் என்று அவர் முழுப் பெயரையும் என் கையாலேயே எழுதிப் பார்க்கையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய சங்கதிதான் குமட்டுகிறது. அவரோடு பழகியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவர் அவர். எங்கள் செட்டோடு சப்பர ஊர்வலத்தில் நடந்து வந்தால், என் டிரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் அந்தக் கிட்டார் யாருக்கும் கேட்காது. ஒருநாள் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் டிக்ஸிலேண்ட் ஜாஸ் என்று ஓர் இசையாம். எங்களைப் போலவே டிரம்பெட், கிளாரினெட், டிரம். தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். நடுவில் ஒருவர் கையில் நாலு கம்பி பாஞ்சோ.

“ஏலே சவரி, இது நம்ம செட்டுதாம்லே. தொப்பிதான் வேற” என்றார். கொச்சிக்குப் போய் ஒன்று வாங்கியே வந்துவிட்டார்.

இழுத்துக் கட்டிய தோல் வட்டம், அதற்கு ஒரு நீளக் கழுத்து. டீக்கடைப் பால்ராஜ் விட்டானா?

“என்னண்ணே, வடைச்சட்டிக்குக் கம்பி கட்டியிருக்கீக?”

“வடை வெந்ததும் சொல்லியனுப்புறேன், வந்து தின்னுட்டுப் போ.”

கடையே சிரித்தது. பால்ராஜை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறான்.

கிட்டாரின் கீழ் நாலு கம்பி மாதிரியே சுருதி கூட்டினால் சுலபம் என்று எல்லாரும் சொன்னோம். கூட்டிப் பார்த்தார். “இது கிட்டாருக்கு வேஷம் போட்ட மாதிரியில்ல இருக்கு” என்று கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பாஞ்சோவுக்கு உரிய சுருதியையே வைத்தார். விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. “கிழவனுக்கு எல்லாம் மறக்குது, இந்த விரலுக்கு மட்டும் மறக்க மாட்டேங்குதே” என்று திட்டிக்கொண்டே பழகினார். கிட்டாரில் சத்தத்தை ஓடவிடுவார். இதில் ஒவ்வொரு அடிக்கும் உடனே விரலைத் தளர்த்திச் சத்தத்தை நிறுத்த வேண்டும். “நிறுத்தினாத்தாம்லே உன் டிரம்பெட்டு உள்ள வரும்” என்பார். டக், டக் என்று அது விழ விழ எங்கள் நடையே மாறிப்போனது.

குமுளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார்கள். கோடு போட்ட கோட்டு மாட்டிவிட்டு, பாட்டு ஸ்பீக்கரில் வரும், நீங்கள் கையை மட்டும் ஆட்டுங்கள் என்றார் மேனேஜர். “அதுக்குத் துணிக்கடைப் பொம்மை போதுமேய்யா” என்று அண்ணன் கோட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். மலையிறங்கும் ஜீப்பில் எங்களிடம் சொன்னார்: “நான் செத்தா ஸ்பீக்கர் போட விட்றாதீகப்பா. கல்லறைக்குப் போறப்ப மெதுவா, திரும்பி வர்றப்ப துள்ளலா, நீங்களே வாசிக்கணும். இந்தப் பாட்டு பொறந்த ஊர்ல அப்படித்தான் அனுப்புவாகளாம்.”

அடக்கத்தன்று நான் போய்ச் சேரும் முன்பே தேனியிலிருந்து அண்ணனின் மருமகன் வரவழைத்த ஸ்பீக்கர் வண்டி வந்து நின்றிருந்தது. பிளெக்ஸில் அண்ணன் கையில் பழைய கிட்டார். “பாஞ்சோ பார்க்கக் கேலியா இருக்கும் மாமா” என்று என்னிடம் சொன்னான் அந்த மருமகன். மைக்கைப் பிடித்திருந்தவன் யார்? பால்ராஜ். “உலகமே வியந்த பாஞ்சோ மேதை!” அந்த வாயிலிருந்துதான் வடைச்சட்டியும் வந்தது. எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் ஸ்பீக்கர் அலறிக்கொண்டே போனது. நாங்கள் வாத்தியங்களைச் சும்மா சுமந்துகொண்டு பின்னால் நடந்தோம்.

மண் போட்டதும் வண்டி அடுத்த வாடகைக்கு ஓடிவிட்டது. திரும்பும் வழியில் டிரம்பெட்டை எடுத்தேன். மருமகன் என் கையைப் பிடித்தான்.

“சாவு வீட்டுல கூத்தடிக்கிறாகன்னு ஊரே சிரிக்கும் மாமா.”

அண்ணன் மனைவி நின்று திரும்பினார். “சிரிக்கட்டும். இத்தனை நாளும் சிரிச்ச ஊருதான? அவுக கேட்டதை வாசிங்கப்பா.”

வாசித்தோம். துள்ளலாகத்தான். பால்ராஜ் அதையும் கைப்பேசியில் படம் பிடித்தான். தூ!

பாஞ்சோவின் ‘டக்’ விழ வேண்டிய இடத்தை அந்தோணி டிரம்மால் நிரப்பப் பார்த்தான். “விடுலே, அது அண்ணன் இடம்” என்றேன். விட்டான்.

அந்தப் பாஞ்சோவை மருமகன் ஆணியில் மாட்டி, பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கிறான். அதை எனக்குத் தா என்று நான் கேட்கவில்லை. ஊதும்போது வரி முடிந்த உடனே மூச்சை நிறுத்தி, அவருடைய ‘டக்’ விழும் அந்தச் சின்ன இடத்தை விட்டுவைக்கிறேன். அது என்னிடம் இருக்கிறது.